தட்டில் தெரிந்த வட்டங்கள்

நோய்க்கிருமிகளைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அவை மடிகின்றன, எந்த மருந்துக்கு மடிய மறுக்கின்றன என்று அளந்து எழுதிக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு, வாலிபப் பிராயத்தில் மதுரையிலும் பின்னர் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலுமாகக் காலத்தைக் கழித்தவன் நான். வைத்தியருக்குக் கிடைக்கும் கீர்த்தியோ செவிலியருக்குக் கிடைக்கும் நன்றியோ இந்தத் தொழிலில் கிடையாது. நோயாளி எங்கள் முகத்தைக் காண்பதில்லை. நாங்களும் அவர் முகத்தைக் காண்பதில்லை. அவருடைய சீழும் சளியும் இரத்தமும்தான் சிறு குழாய்களில் அடைபட்டு எங்கள் மேஜைக்கு வந்து சேரும். ஆயினும், ஆஸ்பத்திரிகளில் கிருமிக்கொல்லி மருந்துகள் ஒவ்வொன்றாக வலுவிழந்து வந்த சரித்திரத்தை, புத்தகத்தில் படித்தறியாமல், மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கண்ணெதிரே கண்டு வந்தவர்கள் நாங்கள்தாம். அந்தச் சரித்திரத்தில் என் பங்குக்குக் கண்டதை எழுதி வைக்க வேண்டுமென்று வெகு காலமாக எனக்கோர் ஆசை.

எழுபதுகளின் இறுதியில் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு வாய்த்த ஆசான் மிகக் குறைவாகப் பேசுபவர். பேசினாலும் கிருமிகளைப் பற்றியன்றி வேறெதைப் பற்றியும் பேசாதவர். விடியற்காலையில் அகாரைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி, அது நான்கு மில்லிமீட்டர் கனத்தில் மேடு பள்ளமின்றி உறைகிறதா என்று பார்ப்பதில் எங்கள் நாள் தொடங்கும். கனம் குறைந்தால் மருந்து இருப்பதைவிட வல்லமை மிகுந்ததாகத் தோன்றும். கூடினால் வல்லமை குன்றியதாகத் தோன்றும். ஆகவே அந்த நான்கு மில்லிமீட்டரில் ஒருவருடைய உயிர் இருக்கிறதென்று அவர் சொல்லுவார். ஆட்டு இரத்தத்தைக் கண்ணாடி மணிகள் இட்ட குடுவையில் வாங்கி, உறைந்துவிடாதபடி கை ஓயக் குலுக்கி, சூடு தணிந்த அகாரில் கலந்து, செக்கச் செவேலென்ற தட்டுகளையும் தயாரிப்போம். புண்ணிலிருந்து எடுத்த சீழை அவற்றில் இழுத்து, மறுநாள் முளைத்த கிருமியைப் பிரித்தெடுத்து உப்பு நீரில் கலக்கி, அந்தக் கலங்கலை ஒரு மாதிரிக் குழாயின் கலங்கலோடு வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுச் சரிபார்த்து, பஞ்சுக் குச்சியால் வேறொரு தட்டு முழுவதும் தடவி, மருந்தூறிய காகித வில்லைகளை இடைவெளி விட்டு அதன்மேல் அமர்த்தி, இன்குபேட்டரின் மிதமான சூட்டில் இரவு முழுவதும் விட்டுவிடுவோம். பாயரும் கிர்பியும் அவர்களுடைய சகாக்களும் 1966-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறை இது. உலகெங்கும் எளிய ஆய்வகங்களில் இன்றளவும் இதுவே நடக்கிறது.

மறுநாள் காலையில் தட்டு முழுவதும் கிருமி சாம்பல் நிறப் படலமாகப் பரவியிருக்கும். எந்த வில்லையின் மருந்து அதைக் கொல்ல வல்லதோ அந்த வில்லையைச் சுற்றி மட்டும் படலம் ஏறாமல், தெளிந்த வட்டம் ஒன்று விழுந்திருக்கும். 'ஜோன்' என்று நாங்கள் சொல்லும் அந்த வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, 'எஸ்' என்றோ 'ஆர்' என்றோ எழுதுவோம். 'எஸ்' என்றால் மருந்து கேட்கும். 'ஆர்' என்றால் கேட்காது. அந்நாளில் ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி விழும் வட்டம் அத்தனை அகலமாக, அத்தனை நிர்மலமாக இருக்கும். யாரோ முகமறியாத ஒருவருக்கு வழி பிறந்துவிட்டது என்ற எண்ணத்தோடு அதை அளந்த காலைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சூடோமோனாஸ் என்னும் கிருமி வளர்ந்த தட்டைத் திறந்தால் திராட்சைப் பழத்தின் வாசனை வீசும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களின் ஓரமாகவே நடந்து வளர்ந்த எனக்கு, தீப்புண்ணில் பெருகி உயிரைக் குடிக்கும் ஒரு கிருமியினிடம் என் ஊர் வாசனை இருப்பது ஆரம்பத்தில் பெருந்திகைப்பைத் தந்தது. தட்டை முகர்ந்து பார்ப்பது ஆபத்தென்று இன்றைய விதிகள் தடுக்கின்றன; அது நியாயமே. ஆனால் அந்நாளில், பச்சை நிறம் ஊறித் தெரிவதற்கு முன்பே, மூடியைச் சற்றே விலக்கியதும் கிருமியின் பெயரைச் சொல்லிவிடுவேன்.

கோழிக்கோட்டுச் சம்பவத்தை ஆசானிடமிருந்துதான் முதன்முதலில் கேட்டேன். டைபாய்டு ஜுரத்துக்குக் குளோராம்பெனிகால் கைகண்ட மருந்தாக விளங்கிய காலம் அது. அதற்கு முன் வாரக்கணக்கில் ஜன்னி கண்டு கிடந்து மாண்டவர்களை, அந்த மருந்து சில தினங்களில் எழுப்பி உட்கார வைத்தது. 1972-இல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியபோது அந்த மருந்து பலிக்கவில்லை. அங்கிருந்த மருத்துவக் கல்லூரியின் பணிக்கரும் விமலாவும் அந்தக் கிருமியை ஆராய்ந்து, எதிர்ப்புச் சக்தி அந்தக் கிருமியோடு நின்றுவிடாமல் வேறு கிருமிகளுக்கும் கைமாறக் கூடியதாக இருக்கிறதென்று கண்டு, அதே ஆண்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். மெக்சிகோவிலும் அதே வருஷம் இதே விதமான கொள்ளைநோய் தோன்றியிருந்தது. கிருமியின் பிரதான மரபுச் சரட்டுக்குப் புறம்பே, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையம் ஒன்று அதனுள் இருக்கக்கூடும். மருந்தை முறியடிக்கும் வித்தை அந்த வளையத்தில் எழுதியிருக்குமானால், ஒரு கிருமி மற்றொன்றைத் தொட்டு அதன் நகலை அதற்குக் கொடுத்துவிடும். பெறுகின்ற கிருமி அதே இனமாக இருக்க வேண்டுமென்பதும் இல்லை. மனிதனுடைய குடலில் ஒரு தீங்கும் செய்யாமல் வாசம் செய்யும் கிருமி, வழியே வந்த கொடிய கிருமிக்கு இந்த வித்தையைத் தானம் செய்துவிடுவது சர்வ சாதாரணமான காரியம். "மேற்கு மலைக்கு அந்தப் பக்கம்தான் கோழிக்கோடு, கிருமிக்குச் செக்போஸ்ட் கிடையாதுப்பா" என்று ஆசான் சொன்னது, குமுளிச் சாவடியில் சாமான் மூட்டைகளை அவிழ்த்துக் காட்டிப் பழகிய எனக்கு நன்றாகவே விளங்கியது.

எண்பதுகளின் நடுவில் பெற்றோரின் முதுமையை முன்னிட்டு ஊர் திரும்பினேன். தேனி தனி மாவட்டம் ஆகாத காலம், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது 2004-இல்தான். கடும் நோயென்றால் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போடிமெட்டிலும் குமுளியிலும் ஜீப்புகளில் இறங்கி வரும் ஏலத்தோட்டத்துக் கூலியாட்களுக்கு ஒரு நாள் வைத்தியமென்றால் இரண்டு நாள் கூலி போகும். அவர்களுக்கு மருந்துக்கடையே ஆஸ்பத்திரியாக இருந்தது. "அண்ணே, காய்ச்சலா இருக்கு, ரெண்டு வேளைக்குக் குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்டு, இரண்டு வேளை மாத்திரையைப் பொட்டலமாக வாங்கிப் போகிறவளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஜுரம் தணிந்ததும் அவள் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் வாங்க அவளிடம் காசுமில்லை. இந்த ஏழைகளின் அறியாமையே எல்லாக் கேட்டுக்கும் மூலமென்று மேடைகளில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு எனக்கு எக்காலத்திலும் உடன்பாடானதல்ல. தலைமுறைகளாக ஒரு வைத்தியரையும் ஒரு சுத்தமான குடிநீர்க் குழாயையும் எட்டும் தூரத்தில் வைக்காமல், இரண்டு மாத்திரையை மட்டும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, அதை அவள் எடுத்துக்கொண்டாள் என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பெரிய அநீதி.

வட்டங்கள் சுருங்கியதென்னவோ கிரமமாக நடந்தது. முதலில் ஆம்பிசிலின் போயிற்று. பிறகு ஜென்டாமைசினின் அகன்ற வட்டம் ஒடுங்கலாயிற்று. எண்பதுகளின் கடைசியில் சிப்ரோபிளாக்சசின் வந்தபோது, தட்டில் பாதியை அடைத்துக்கொண்டு விழுந்த வட்டத்தைக் கண்டு, இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று ஒரு வைத்தியர் என்னிடம் பூரிப்போடு சொன்னார். பத்து வருஷங்கூட அது தாங்கவில்லை. பின்னர் செபோடாக்சிம், செப்ட்ரியாக்சோன் ஊசிகள் வந்தன. அவற்றையும் உடைக்கும் என்சைம்களைக் கிருமிகள் கற்றுக்கொண்டன. கடைசி அரணாக இமிபெனமும் மெரோபெனமும் நின்றன. 'பவர் கூடின ஊசி' என்று ஜனங்கள் சொல்லுவார்கள். சிறிய ஊர்களிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் எழுந்தன. அவற்றால் பிழைத்தவர்கள் ஏராளம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மூச்சுக் குழாயில் ஒரு குழாய், மூத்திரப் பாதையில் ஒரு குழாய், கழுத்து நரம்பில் ஒரு குழாய் என்று சரீரத்தின் இயற்கையான வாயில்களையெல்லாம் திறந்து வைத்த நோயாளிகளை அடுத்தடுத்த கட்டில்களில் படுக்க வைத்து, அவர்கள் அனைவருக்கும் வல்லமை மிகுந்த மருந்துகளை ஓயாமல் ஏற்றும் ஓர் அறை, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிக்கு மட்டுமே இடம் விடும் அறையாகிவிடுகிறது. மற்றக் கிருமிகள் மடிய, மடியாதது மட்டும் மிஞ்சி, கைகழுவும் தொட்டியின் ஈரத்தில் குடியிருந்து, ஒரு கட்டிலிலிருந்து மற்றொரு கட்டிலுக்கு மனிதருடைய கைகளில் ஏறிப் பிரயாணம் செய்கிறது.

கல்ச்சர் பரிசோதனைக்கு இரண்டு மூன்று தினங்கள் பிடிக்கும். சாகக் கிடக்கும் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் வைத்தியர் அதுவரை கை கட்டி நிற்க முடியாது. முதலில் ஓர் அகன்ற மருந்தைக் கொடுக்கத்தான் வேண்டும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் எங்கள் முடிவு வந்து, எளிய மருந்தே போதுமென்று காட்டிய பிறகும், 'எதுக்கு ரிஸ்க்?' என்று அந்த வல்லமை மிகுந்த மருந்தையே தொடர்வதைத்தான் குறை சொல்லுகிறேன். நாங்கள் அளந்து எழுதிய காகிதங்கள் கேஸ் ஷீட்டின் கடைசியில் படிக்கப்படாமலே கோத்துக் கிடந்ததைக் கண்டு நான் வருந்திய நாட்கள் உண்டு.

2010 ஆகஸ்டில் பத்திரிகைகளில் அந்தச் செய்தி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்னும் இளம் ஆராய்ச்சியாளரும், கார்டிப் நகரத்துத் திமோத்தி வால்ஷும், இன்னும் பல தேசத்து விஞ்ஞானிகளும் சேர்ந்து லான்செட் குழுமத்தின் தொற்றுநோய்ச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், மெரோபெனம் வகை மருந்துகளையே உடைத்தெறியும் என்.டி.எம்-1 என்னும் என்சைமை உற்பத்தி செய்யும் கிருமிகள் சென்னையில் 44-ம், ஹரியானாவில் 26-ம், பிரிட்டனில் 37-ம், இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73-ம் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. இந்த என்சைமை முதலில் விவரித்தது 2009-இல். புதுடில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய இந்திய வம்சாவளி ஸ்வீடன்காரர் ஒருவரிடம் கிடைத்த கிளெப்சியெல்லாக் கிருமியில் அது இருந்தபடியால், பெயரிலேயே புதுடில்லி ஏறிவிட்டது. அந்தப் பெயரைப் பற்றி எழுந்த ஆரவாரம் கிருமியைப் பற்றி எழவில்லை. தேசத்துக்கு அவமானம், வெளிநாட்டு நோயாளிகள் இங்கே வராமலிருக்கச் செய்யும் சூழ்ச்சி என்றெல்லாம் பேசப்பட்டது. லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் பெயர் வைத்ததற்காக வருத்தமும் தெரிவித்தார். ஒரு தேசத்தின் தலைநகரத்தைக் கிருமிக்குப் பெயராக்குவது விவேகமல்லதான். ஆனால் அந்த வாதத்தில் செலவான மாதங்களில் கிருமி வாளா இருக்கவில்லை. 2011 ஏப்ரலில், டில்லித் தெருக்களில் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51-இலும், குழாய் நீர் மாதிரிகள் ஐம்பதில் இரண்டிலும் அந்த மரபணு இருந்ததாக மற்றொரு கட்டுரை வந்தது. ஆஸ்பத்திரிச் சுவர்களைத் தாண்டி அது தெருவுக்கு வந்துவிட்டதை அறிந்து நான் கலங்கினேன்.

அதற்கடுத்த வருஷம் எங்கள் குடும்பத்திலேயே அந்த விபரீதம் நேர்ந்தது. பழனிசெட்டிபட்டிப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்துகொண்டிருந்த என் சித்தப்பா, இரவில் மோட்டார் சைக்கிளில் வரும்போது விழுந்து கீழ்க்கால் எலும்பு முறிந்து, வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தது; ஜுரம் விட்டு விட்டு வந்தது; மாத்திரைகள் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. ஒருநாள் எங்கள் மேஜைக்கு வந்த குழாயின்மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய பெயரைக் கண்டேன். முகமறியாதவர்களின் சீழையே அளந்து பழகியவனுக்கு அந்தக் குழாயைத் திறக்கையில் கை நடுங்கிற்று.

மெக்கான்கி தட்டில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, லூப்பால் தொட்டால் நூலாக இழுபடும்படி வளர்ந்திருந்தது, கிளெப்சியெல்லா. மறுநாள் வில்லைத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு வில்லையைச் சுற்றியும் வட்டமில்லை. மெரோபெனம் வில்லையின் காகித ஓரம்வரை சாம்பல் படலம் ஏறி நின்றது. மின்வெட்டு மிகுந்திருந்த காலமாதலால், இன்குபேட்டரிலோ வில்லையிலோ கோளாறு இருக்கலாமென்று எண்ணி, புதிய வில்லைகளைக் கொண்டு மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதே முடிவுதான். மிஞ்சியது கோலிஸ்டின் ஒன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று உலகமெங்கும் கைவிடப்பட்டு, வேறு கதியற்ற நிலையில் திரும்ப அழைக்கப்பட்ட பழைய மருந்து அது. காகித வில்லையை வைத்து அதை நம்பிச் சோதிக்கவும் முடியாது. மதுரைக்கு அனுப்பித்தான் அறிந்தோம்.

சித்தி தன் நகைகளை அடகு வைத்தாள். தனியறையில் போட்டு, உள்ளே வருகிறவர்கள் அங்கியும் கையுறையும் அணிய வேண்டுமென்று விதித்தார்கள். அது மிகச் சரியான விதி. ஆனால் கட்டிய நாள் தொட்டு அவர் கையால் சோறு வாங்கித் தின்ற அந்த அம்மாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "அவுக என்ன தீட்டுக்காரராப்பா? கையைப் பிடிக்கிறதுக்கு உறை மாட்டணுங்கிறாகளே" என்று கேட்டபோது, கிருமி சாஸ்திரம் முழுவதும் கற்றிருந்தும் சொல்லுவதற்கு எனக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. அந்த விதியை எழுதியவர்கள், அதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆளையும் நியமித்திருக்கலாம். பிளேட்டை எடுத்தார்கள்; எலும்பைச் சுரண்டினார்கள்; கோலிஸ்டின் ஏறியது; இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே வந்தது. முடிவில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகே ஜுரம் விட்டது.

சற்றுத் தேறியிருந்த ஒரு மாலையில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏப்பா, நான் என் ஆயுசுல எத்தனை மாத்திரை தின்னுருப்பேன்? காய்ச்சலுக்குக்கூட கசாயம் குடிச்சவன். எனக்கு எப்படி மருந்து கேக்காமப் போச்சு?" மருந்துக்குப் பழகியது அவருடைய சரீரமல்ல, கிருமி, அந்தக் கிருமி வேறு பலருடைய உடம்புகளில், வேறு பலருக்குக் கொடுத்த மருந்துகளுக்கு நடுவே தேறி வந்தது என்று எனக்குத் தெரிந்தவரையில் விளக்கினேன். வெகுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படின்னா இதுவும் மடைக் கணக்குதான். தலைமடைக்காரன் குடிச்சான், கடைமடைக்காரன் வயல் காயுது" என்றார்.

பெரியாறு அணை நீரை ஜூன் மாதத்தில் திறந்துவிட்டால், லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டிவரை 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கு எங்களுடையது. சித்தப்பாவின் வயல் அந்த வரிசையின் கடைசியில் இருந்தது. தண்ணீருக்கு முறை வைத்து, இரவில் லாந்தரோடு காவல் இருந்து, மேலே இருப்பவன் தேவைக்கு மிஞ்சிப் பாய்ச்சுவதைக் கண்டால் சண்டைக்குப் போய், வாழ்நாளெல்லாம் அதிலேயே கழித்தவர் அவர். கிருமிக்கொல்லி மருந்தின் வீரியம் ஒருவருக்கும் தனிச் சொத்தல்ல, ஊருக்குப் பொதுவான இருப்பு, ஒருவர் வீணாக்கியது அவருக்கே குறையாமல் முகமறியாத வேறொருவருக்குக் குறையும் என்று நான் எத்தனையோ வருஷங்களாக மற்றவர்களுக்குச் சொல்ல முயன்று சொல்ல முடியாமற் போனதை, காலை இழந்து படுத்திருந்த ஒரு கடைமடை விவசாயி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மடைக்காவது பிணக்குத் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் உண்டு. மருந்துக்கு அப்படியொரு முறையை நாம் இன்னும் ஏற்படுத்திக்கொள்ளவில்லையே என்பதுதான் என் துயரம்.

அவரே மற்றொரு நாள் கேட்டார்: "நெல்லுக்கு இலைக் கருகல் வந்தா ஒரு வெள்ளைப் பொடி கலக்கி அடிப்போமே, அதுவும் இதே இனமா?" அது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடி. சயரோகத்தைக் கண்டு நடுங்கிய மனித குலத்துக்கு முதன்முதலில் தைரியம் கொடுத்த மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அதைப் பூச்சிமருந்துக் கடையில் சில்லறைப் பொட்டலமாக விற்று வயல் வெளியெங்கும் தெளித்திருக்கிறோம். அவருடைய காலை வாங்கிய கிருமிக்கும் அந்தப் பொடிக்கும் நேரடியான சம்பந்தம் இல்லை என்பதை அவருக்கு அழுத்திச் சொன்னேன். ஒரு மனிதர் தன் துன்பத்தோடு வீண் குற்ற உணர்வையும் சுமக்கலாகாது. ஆனால் மண்ணிலும் வாய்க்காலிலும் உள்ள கிருமிகளுக்கு நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம் என்பதும் மெய்தான். அதே பாக்டீரிய இலைக் கருகலுக்குப் பசுஞ்சாணக் கரைசலை இருபது சதவிகித அளவில் இருமுறை தெளிக்கலாமென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்திருக்கிறது. சாணத்துக்கு எங்கள் ஊர்களில் பஞ்சமில்லை. அந்த மருந்துகளைப் பயிருக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும் வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பது 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது. சித்தப்பாவின் உயிரைக் காத்த கடைசி மருந்தை, கோழிகளை விரைவில் கொழுக்க வைப்பதற்காக மூட்டை மூட்டையாகக் கொட்டி வந்தோம் என்பதை நினைத்தால் ஆத்திரம் பொங்குகிறது.

இந்த விஷயத்தில் நம்பிக்கை தரத்தக்க முதல் பொதுக் காரியம் நடந்ததும் தமிழ்நாட்டில்தான். 2012 ஆகஸ்டில் டாக்டர் அப்துல் கபூரின் முயற்சியால் பல்வேறு மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். குற்றமற்றதொரு கொள்கைக்காகக் காத்திராமல், நடைமுறைக்கு ஒத்த கொள்கையே தேசத்துக்குத் தேவை என்பது அதன் சாரம். வைத்தியரே இல்லாத கிராமங்கள் உள்ள நாட்டில் எல்லா மருந்துகளையும் ஒரே நாளில் சீட்டுக்கு உட்படுத்தினால் ஏழைகள் மருந்தின்றிச் சாவார்கள், ஆகையால் மிக வல்லமையான மருந்துகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக வருவோம் என்ற அந்த நிதானத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஏலத்தோட்டத்துக் கூலிப்பெண்ணை மறவாத யோசனை அது. மறு வருஷமே எச்-1 என்னும் மருந்துப் பட்டியல் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் முதல் 46 மருந்துகளுக்கு வைத்தியர் சீட்டும், கடைக்காரர் எழுதி வைக்க வேண்டிய பதிவேடும் கட்டாயமாயின. குமுளிக்கு அப்பால் கேரள அரசு 2024-இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில், சீட்டின்றிக் கிருமிக்கொல்லி விற்கும் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. காரியங்கள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு மடியாத கிருமிகளாலேயே மாண்டார்கள் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கும்போது, இந்த வேகம் போதுமென்று எப்படிச் சொல்லுவது?

புதிய மருந்து வரும் என்று காத்திருப்பவர்களுக்கு, கை கழுவுவதைப் பற்றிச் சொன்னால் அற்பமாகத் தோன்றுகிறது. வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-இல் பிரசவ வார்டு வைத்தியர்களைக் குளோரின் நீரில் கை கழுவச் சொன்னபோதும் அப்படித்தான் தோன்றியது. நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தலைமை சிஸ்டர் ஒருவர் இருந்தார். சிறிய உருவம், கனத்த குரல். சித்தப்பாவின் விஷயத்தை என்னிடம் விசாரித்து அறிந்த பின் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்து, "நான் வாயால சொன்னா யாரும் கேக்குறதில்ல, சார். உங்க தட்டு சொன்னாக் கேப்பாங்க. எத்தனை தட்டு குடுப்பீங்க?" என்றார். இருந்த இரத்த அகார்த் தட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு அவருடன் வார்டுக்குப் போனேன். ஒவ்வொரு தட்டின் அடியிலும் பேனாவால் கோடு போட்டு, ஒரு பாதியில் கழுவாத விரல்களையும், சோப்பிட்டு நன்றாகக் கழுவிய பின் மறு பாதியில் அதே விரல்களையும் பதிக்கச் செய்தோம். ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள், செவிலியர், பயிற்சி வைத்தியர்கள் எல்லோரும் பதித்தார்கள். மூத்த சர்ஜன் ஒருவர் மட்டும், "எனக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை" என்று போய்விட்டார்.

மறுநாள் தட்டுகளை வார்டு மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்தோம். கழுவாத பாதியில் ஐந்து விரல்களும், ரேகை எண்ணத்தக்கபடி, வெள்ளையும் மஞ்சளுமாகக் கிருமிகளால் எழுதப்பட்டுக் கிடந்தன. கழுவிய பாதியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகளே இருந்தன. துப்புரவு வேலை பார்த்த ஓர் அம்மாளின் தட்டு வைத்தியர்களுடையதைவிடச் சுத்தமாக இருந்ததைக் கண்டு, சிஸ்டர் அதை எடுத்து உயரப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். அன்று மாலையே நிர்வாகத்திடம் அவர் இரண்டு காரியங்களைக் கேட்டார்: வார்டு வாயிலில் முழங்கையால் திறக்கும் குழாய், ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கையில் தேய்க்கும் ஸ்பிரிட் திரவம். ஸ்பிரிட் உடனே வந்தது. குழாய்க்கு அவர் சிலமுறை சண்டையிட வேண்டியிருந்தது, அதுவும் வந்தது. மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை விரல் பதிக்கும் வழக்கத்தையும் அவரே ஏற்படுத்தினார். எந்தத் தட்டு யாருடையது என்று வெளியே சொல்லாமல், எண் மட்டும் போட்டு ஒட்டுவோம். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, அந்த மூத்த சர்ஜன் தாமாகவே ஆய்வகத்துக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "என் தட்டு எங்கே?" என்று கேட்டு விரல்களைப் பதித்துவிட்டுப் போனார். மறுநாள் பத்து மணிக்கு முதல் ஆளாக வந்து முடிவைப் பார்த்தவரும் அவரே.